கழுத்துக்கு அடியில் பச்சை அட்டை

திருகு முறுக்குகிற ஆலன் சாவியைப் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் தன்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொள்கிற காலம் இது. அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு வந்து நின்ற பல் டாக்டரும் அந்த ரகம்தான். பேஸ் கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து, கிட்டார் பழுது பார்க்கிற அவளுடைய வேலை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

அவள் தொடவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிட்டாரின் கழுத்தைப் பார்த்தாள். நேராக இருக்க வேண்டிய மரம் பின்பக்கமாக வளைந்து போயிருந்தது. நான்கு கம்பிகளும் கழுத்தின்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

"யாரு முறுக்கினது?"

"நான்தான்க்கா. கம்பி உயரமா இருந்தா கழுத்துக்குள்ள இருக்கற இரும்புத் தண்டை முறுக்கணும்னு வீடியோல சொன்னாங்க."

"எத்தனை சுத்து?"

"ரெண்டு... ரெண்டரை இருக்கும்."

"உங்ககிட்ட ஒருத்தர் பல்லு ஆடுதுன்னு வந்தா, வீட்டுலயே ரெண்டரை சுத்து முறுக்கிப் பார்த்துட்டு வாங்கன்னு அனுப்புவீங்களா?"

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"கால் சுத்து. அதுக்கு மேல எவன் சொன்னாலும் தொடக்கூடாது. திருப்பிட்டு ஒரு நாள் சும்மா வச்சிருக்கணும். மரம் என்ன லைட் சுவிட்சா, போட்ட உடனே எரியறதுக்கு? முறுக்கறதுக்கு முன்னாடி கம்பியைத் தளர்த்துனீங்களா?"

"இல்லக்கா."

"நல்லது. தண்டு உடையாம இருக்கறது உங்க புண்ணியமில்ல, அந்த மரத்தோட பொறுமை. வச்சிட்டுப் போங்க."

"கொஞ்சம் சீக்கிரம் கிடைச்சா..."

"சீக்கிரம் வேணும்னா கிட்டார் ஃபேக்டரிக்குப் போங்க. பதினோரு வருஷம் அங்கதான் குப்பை கொட்டினேன். ஒரு கிட்டாருக்கு நாலு நிமிஷம். கழுத்து சரியா உக்காரலேன்னா கேன்டீன் அட்டையைப் பாதியா கிழிச்சு அடியில சொருகி, நாலு திருகாணி போட்டு மூடி அனுப்பிடுவாங்க. வாங்கறவன் அதைத் தலையில வச்சுக் கும்பிடுவான். என் மேசையில அந்த வேலை கிடையாது. திங்கக்கிழமை வாங்க."

தெருவில் அவளுக்கு அரத்தக்கா என்று பேர். எப்போதும் கையில் அரம் இருப்பதால் வைத்த பேர் என்று அவளுக்கு எதிரில் சொல்வார்கள். அவள் நகர்ந்த பிறகு, வாயைக் கேட்டு வைத்த பேர் என்பார்கள். அவளுக்கு இரண்டும் தெரியும். இரண்டிலும் அவளுக்கு வருத்தமில்லை.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னல் பக்கம் அவளுடைய மேசை. எதிர்ச் சுவரோரம் வீட்டுக்காரருடைய மேசை. அவர் கிழிந்த ஸ்பீக்கர்களுக்குக் காகிதக் கூம்பு ஒட்டுவார், செத்துப்போன ஆம்ப்ளிஃபையர்களை எழுப்பி உட்கார வைப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் பேசுகிற சொற்களை ஒரு சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அவள் பேசுவதைப் போட ஒரு சாக்குப் பை வேண்டும்.

டாக்டர் போன கையோடு சமையலறையிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. வினிகரும் துருவும் கலந்த புளித்த நாற்றம்.

"அடுப்புல என்ன?" என்றாள்.

வீட்டுக்காரர் கூம்பைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "தம்பி ஏதோ வச்சிருக்கான்."

அவள் எழுந்து போனாள். கொழுந்தன் அடுப்பின் முன் நின்றிருந்தான். அவளுடைய சூப்புச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பேஸ் கம்பிகள் நான்கும் சுருண்டு கிடந்தன.

"என்ன சமையல் இது?"

"பழைய கம்பி அண்ணி. வினிகர் விட்டு வேக வச்சா உள்ள இருக்கற அழுக்கு போயிடுமாம். புதுசு மாதிரி கணீர்னு கேக்குமாம்."

"கேக்கும். ரெண்டு நாளைக்குக் கேக்கும். மூணாம் நாள் மறுபடியும் செத்துப்போகும். ஏன், புதுக் கம்பி வாங்கக் கடை இல்லையா இந்த ஊர்ல?"

"ரெண்டு நாள் கேட்டாப் போதும் அண்ணி. சனிக்கிழமை வரைக்கும்தானே."

சனிக்கிழமை என்றதும் அவள் அடுப்பை அணைத்தாள். அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சனிக்கிழமை. பயணிகள் கப்பலில் வாசிக்கிற இசைக்குழு ஒன்றுக்கு பேஸ் வாசிக்க ஆள் எடுக்கிறார்கள். காலை பத்து மணிக்குப் போய் வாசித்துக் காட்ட வேண்டும். அதில் இடம் கிடைக்காவிட்டால் பேஸை விற்றுவிட்டுத் திங்கட்கிழமை முதல் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கப் போவதாக அவன் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டான். கிடங்கு மேலாளர் அண்ணனுக்குத் தெரிந்தவர். வேலை தயாராக இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து பேஸைத் தவிர வேறொன்றையும் தொடாதவன் இருபத்தெட்டு வயதில் அதைக் கீழே வைக்கப்போகிறான் என்று அர்த்தம்.

இதற்குக் காரணம் ஓட்டல் வேலை போனது. மூன்று வருஷமாக ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தான். கீபோர்டுக்காரர்தான் குழுவுக்குத் தலைவர். மேல்கட்டையில் வாசிக்கும்போது கம்பி கர்ரென்று உரசுகிறது என்று அவர் முதலில் சொன்னார். பிறகு முறைத்தார். நான்கு மாதத்துக்கு முன்னால், வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கு முன்பே அவன் மூன்று தடவை பேஸைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். மூன்று தடவையும் அவள் வேறு வேலையிலிருந்தாள். கழுத்தை ஒரு கண்ணால் பார்த்தாள், கீழ்க்கட்டையில் ஐந்தாறு இடத்தில் அழுத்தித் தட்டிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"கிட்டார்ல ஒண்ணுமில்ல. கையிலதான் கோளாறு. துணி துவைக்கற மாதிரி அடிச்சா எந்தக் கம்பியும் கத்தத்தான் செய்யும்."

மூன்றாவது தடவை மட்டும் அவன் போகாமல் நின்றான். "கழுத்தைக் கழட்டி ஒரு தடவை பாக்கலாமா அண்ணி?" என்றான்.

"ஏன், வீடியோல சொன்னானா? பதினோரு வருஷம் ஃப்ரெட்டு அடிச்சவளுக்கு நீ பாடம் எடுக்கறியா? கிட்டாரு குத்தமில்லடா, உன் கை குத்தம். போய்ப் பழகு."

அவன் போய்ப் பழகினான். மாடியறையில் உட்கார்ந்து, விரல் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசித்தான். கர்ரென்ற சத்தம் குறைந்தது. கூடவே பேஸின் சத்தமும் குறைந்தது. ஓட்டலில் கீபோர்டுக்காரர், "தம்பி இருக்கானா, வீட்டுக்குப் போயிட்டானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். இதை அண்ணன்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "பார்த்தீங்களா, முன்னாடி துவைச்சான், இப்ப தடவுறான். நடுவுல ஒரு நிலை இருக்குன்னே அவனுக்குத் தெரியல" என்று அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தாள்.

இப்போது சூப்புச் சட்டியைத் தொட்டித் தண்ணீரில் கவிழ்த்தாள்.

"பேஸை எடுத்துட்டு வா" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"சனிக்கிழமை நீ தோத்துட்டு வந்து கிட்டாரு சரியில்ல, மழை ஈரம், கம்பி பழசுன்னு ஆயிரம் சொல்லுவே. அந்த ஆயிரத்துல ஒண்ணுகூட மிச்சம் வைக்கக்கூடாது. புதுக் கம்பி என் டிராயர்ல இருக்கு. எடுத்துட்டு வா."

அவன் வாயைத் திறந்தான். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பசைக் குப்பியின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். அவன் பேஸை எடுத்துவந்து வைத்தான்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவளைக் குறை சொல்ல முடியாது. வேலையையாவது சுத்தமாகச் செய்கிறவள் என்று அவளை வெறுக்கிறவர்களும் ஒப்புக்கொள்வார்கள். கம்பி கட்டுவதிலிருந்தே அது தெரியும். பேஸ் கம்பியை முதலில் வெட்டிவிட்டு மாட்டுகிற அவசரக்காரர்கள் உண்டு. மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, கட்டிய அன்றைக்கே கம்பி செத்துப்போகும். அவள் கம்பியை முறுக்காணி வரைக்கும் இழுத்துப் பார்த்து, கூடுதல் நான்கு விரல்கடை விட்டு, முதலில் நன்றாக மடக்கி, அதற்குப் பிறகுதான் வெட்டினாள். சுற்று மேலிருந்து கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது.

சுருதி சேர்த்தாள். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலும், கழுத்து உடலைச் சேருமிடத்தில் ஒரு விரலும் வைத்துக் கம்பியை அழுத்தினாள். ஃப்ரெட்டு என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. விரல் அழுத்தும்போது தந்தி அதில்தான் உட்காரும். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. அது சரி. எஃகு அளவுகோலை வைத்துக் கம்பியின் உயரம் பார்த்தாள். அதுவும் சரி.

"பாத்தியா? பழுது எங்க இருக்கு? இதுல?" என்று கேட்டுவிட்டு, நான்கு கம்பியிலும் மேல்கட்டைக்கு ஏறினாள். பதினான்காவது ஃப்ரெட்டில் கர்ரென்றது. மெதுவாகத் தட்டினாள். அப்போதும் கர்ரென்றது. பதினாறில் சத்தமே வெளியே வரவில்லை. தொண்டையைப் பிடித்த மாதிரி நின்றது.

டிராயரிலிருந்து நேர்ச்சட்டத்தை எடுத்துக் கடைசி ஃப்ரெட்டுகள்மேல் வைத்தாள். சட்டம் ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. கழுத்தின் கடைசிப் பாகம், அதாவது உடலின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிற அடிப்பாகம், மேலே எழும்பியிருந்தது.

"அடப்பாவி" என்றாள். "எவன்டா இதைத் திறந்தான்?"

கொழுந்தன் ஜன்னலைப் பார்த்தான்.

"தெரியும் எனக்கு. எவனோ அரைகுறை, அடியில பாதிக்கு எதையோ சொருகியிருக்கான். பாதி இடத்துல முட்டு இருக்கு, பாதி இடம் வெத்து. கம்பி வருஷக்கணக்கா இழுத்தா மரம் அந்த வெத்துல இறங்கி, நுனி தூக்கிக்கும். கழுத்தைச் சாய்க்கணும்னா முழு நீளத்துக்கு மரத்துல ஆப்பு சீவி வைக்கணும். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம்கூட உக்கார உடம்பு வணங்காத சோம்பேறி எவனோ. இவனையெல்லாம் கிட்டாருக்குப் பக்கத்துல விடவே கூடாது. செருப்பு தைக்கக்கூட விடக்கூடாது."

"அண்ணி..."

"நீ வாயை மூடு. கண்டவன் கையில கொடுத்திருக்கே. யாரு? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கானே, அந்தக் கடைக்காரனா?"

கம்பியைத் தளர்த்தினாள். பேஸைக் கவிழ்த்து நான்கு திருகாணியையும் கழற்றினாள். கழுத்து கையோடு வந்தது. பள்ளத்தின் பின்கோடியில், அவள் சொன்னபடியே, பாதியாகக் கிழித்து இரண்டாக மடித்த ஒரு துண்டு அட்டை நசுங்கிக் கிடந்தது. அவளுக்கு வெற்றிக் களிப்பு தாங்கவில்லை. இடுக்கியால் அதை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

"இதோ பாருங்க, பெரிய இன்ஜினியர் வேலை!"

வீட்டுக்காரர் பசைக் குப்பியைக் கீழே வைத்தார். அவள் அட்டையை விரித்தாள்.

பச்சை அட்டை. தடித்த தாள். ஓரத்தில் ஃபேக்டரி கேன்டீன் முத்திரையின் பாதி வட்டம். அதற்குக் கீழே கறுப்பு மையில் 417.

பதினோரு வருஷம் அவளை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் அது. கொழுந்தனுக்கு அப்போது பதினெட்டு. பழைய பேஸ் ஒன்றைப் புதிதாக வாங்கிவந்து, கம்பி துணிக்கொடி உயரத்துக்கு நிற்கிறதே என்று முழித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். புது மருமகள் தன் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டாமா? கைப்பையைத் துழாவினாள், மிச்சமிருந்த கேன்டீன் அட்டையைக் கிழித்தாள், நான்கு திருகாணி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கம்பி வெண்ணெய் மாதிரி கீழே இறங்கி உட்கார்ந்தது. எல்லாரும் வாய் பிளந்தார்கள். அதற்குப் பிறகு அந்த அட்டையை அவள் ஒரு நாளும் நினைக்கவில்லை. பத்து வருஷமாக அது உள்ளே இருந்தது.

அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "உனக்குத் தெரியுமா?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

"தெரியும் அண்ணி."

"எப்பலேருந்து?"

"ஓட்டல்ல முதல் தடவை சொன்னப்பவே. பாலத்துக்கு அந்தப் பக்கம் அந்தக் கடைக்காரர் திறந்து காட்டினார். எந்த முட்டாள் வச்சதுன்னு கேட்டார். தெரியாதுன்னு சொல்லி, அப்படியே மூடச் சொல்லிட்டேன்."

"ஏன் மூடச் சொன்னே? அவரையே சரி பண்ணச் சொல்றதுக்கென்ன?"

"அவர் பண்ணினா நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. எங்க அண்ணி இருக்கும்போது வெளியில கொடுத்தியான்னு..." அவன் நிறுத்தினான். "உங்ககிட்டயே சொல்லலாம்னுதான் வந்தேன். மூணு தடவையும் அதுக்குத்தான் வந்தேன்."

அவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுமா?"

அவர் தலையை ஆட்டினார்.

"சொல்றதுக்கு என்ன? ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க வீட்டுல. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உன்கிட்ட யாரு சொல்றது?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

அவளுக்குக் காது சுட்டது. திட்டுவதற்கு வார்த்தை தேடினாள். சோம்பேறி, அரைகுறை, செருப்பு தைக்கக்கூட லாயக்கில்லாதவன் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் தீர்ந்துபோயிருந்தன. அவற்றை யாருக்குக் கொடுத்தாள் என்று இப்போது தெரிந்தது. அவமானமாக இருந்தது. அந்த இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்தது. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன் என்று நினைத்தாள். மூன்றாவது தடவை அவன் போகாமல் நின்ற நிற்பு நினைவுக்கு வந்ததும் அந்தக் கோபமும் கையை விட்டுப் போயிற்று.

"அந்த முட்டாள் நான்தான்" என்றாள். "உன் கையில கோளாறு இல்லடா. இருந்ததெல்லாம் என் கையில. போ, போய்ச் சாப்பிடு. நாளைக்கு மத்தியானம் தரேன்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மேப்பிள் பலகையிலிருந்து பள்ளத்தின் அளவுக்கு ஒரு துண்டு அறுத்தாள். ஒரு பக்கம் தாள் கனம், மறுபக்கம் ஒன்றுமில்லாத கனம் என்று சரிவாகச் சீவி, வைத்துப் பார்த்து, மறுபடியும் சீவினாள். அது பொருந்தி உட்காரவே சாயங்காலமாகிவிட்டது. மறுநாள் காலையில் கழுத்துப் பலகைக்கு ஒட்டுநாடா போட்டு மூடி, கடைசி ஏழு ஃப்ரெட்டுகளின் உச்சியிலும் நீல மை தடவினாள். எழும்பின இடத்தில் மை போகிற வரைக்கும் தட்டை அரத்தால் இழுத்தாள். தட்டையான உச்சிகளை வளைவு அரத்தால் மறுபடி உருட்டினாள். எஃகு நாரால் தேய்த்து, துணியால் துடைத்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கினாள். வீட்டுக்காரர் இரண்டு தடவை தேநீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் ஆறிப்போயின.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேஸ் தயாராகிவிட்டது. அவளே எல்லா ஃப்ரெட்டிலும் அடித்துப் பார்த்தாள். இருபது ஃப்ரெட்டிலும் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. பேஸை அவன் கையில் கொடுத்து, ஆம்ப்ளிஃபையரில் ஜாக்கைச் சொருகினாள்.

"வாசி."

அவன் வாசித்தான். விரல் கம்பியைத் தொட்டது, பயந்தது, விலகியது. சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோல இருந்தது.

"அடிச்சு வாசிடா. இப்ப உரசாது."

"அடிச்சுத்தான் அண்ணி வாசிக்கறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. தோளிலிருந்து புறப்பட்ட பலம் விரலுக்கு வந்து சேருவதற்குள் எங்கேயோ நின்றுபோனது. ஆறு மாதமாக மாடியறையில் உட்கார்ந்து அவன் பழகியது அதைத்தான். அவள் சொன்னதைத்தான் பழகியிருந்தான்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டான். மழை விட்டிருந்தது. பேஸ் பெட்டியை அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள்.

"கிட்டாரை ரொம்பப் பாராட்டினாங்க அண்ணி. இவ்வளவு நல்லா செட் பண்ணின பேஸை இப்பல்லாம் பாக்க முடியறதில்லையாம். ஒருத்தர் கையில வாங்கி வாசிச்சே பாத்தார். யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. எங்க அண்ணின்னு சொன்னேன்."

"அதைக் கேக்கலடா நான்."

"கிட்டார்ல ஒரு குறையும் இல்லையாம்." அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "கையிலதான் கோளாறாம்."

அவள் கையிலிருந்த அரத்தை மேசைமேல் வைத்தாள்.

"நீங்களே வித்துக் கொடுத்துடுங்க அண்ணி. உங்ககிட்ட ஆள் வரும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் கிடங்குக்குப் புறப்பட்டுப் போனான். பத்து மணிக்குப் பல் டாக்டர் தன் கிட்டாரை வாங்கிக்கொள்ள வந்தார். சுவரில் தொங்கிய பேஸைப் பார்த்துக் கண்ணை விரித்தார்.

"இது விக்கறதுக்காக்கா?"

"இல்ல."

"நல்ல கிட்டாரா இருக்கே. ஆள் வாசிக்கறதில்லையா?"

"ஆள் வேலைக்குப் போயிருக்கான். சாயங்காலம் வருவான்" என்றாள். "வாயை மூடிட்டு உங்க கிட்டாரை மட்டும் பாருங்க. கால் சுத்து, ஞாபகம் இருக்கட்டும்."

ஐந்து மணிக்குக் கொழுந்தன் வந்தான். முதுகு வளைந்திருந்தது, உள்ளங்கையில் அட்டைப் பெட்டிகள் கீறிய கோடுகள் இருந்தன. அவள் பட்டறைக் கதவில் நின்று கூப்பிட்டாள். அவனுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாள். ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய மேசைக்கு மேலே, அளவுகோல்கள் தொங்குகிற ஆணியில், அந்தப் பச்சை அட்டைத் துண்டு எண் தெரிகிற மாதிரி குத்தப்பட்டிருந்தது.

"வேண்டாம் அண்ணி. களைப்பா இருக்கு."

"உக்காரு."

உட்கார்ந்தான். பேஸை அவன் மடியில் வைத்தாள். எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

"அடி" என்றாள். "துணி துவைக்கற மாதிரி அடி."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தடித்த கம்பியை ஒரு தடவை தட்டினான்.

"கேக்கல" என்றாள்.

மறுபடி தட்டினான். ஸ்பீக்கர் துணி லேசாக அசைந்தது. எதிர்ச் சுவரோரம் வீட்டுக்காரர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன பார்வை அங்க? உங்க ஸ்பீக்கர் கிழிஞ்சா ஒட்டிக்கலாம். ஒட்டறதுக்குத்தானே இருக்கீங்க?" என்று அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"கேக்கலடா" என்றாள் மறுபடியும்.